மறு ஓரம் பிடிக்க ஓர் ஆள்

மழை பிடித்துக்கொண்ட அன்று சலவைக்கடைக்காரர் சந்தோஷப்பட்டார். மழையைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட சலவைக்கடைக்காரர் உலகத்திலேயே அவர் ஒருத்தராகத்தான் இருக்கும். மழைச் சத்தத்தில் கதை வரும் என்று எங்கேயோ படித்திருந்தார். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மேஜை முன்னால் உட்கார்ந்தார். சாரல் வந்தது, கொசு வந்தது, பக்கத்துக் கட்டடத்தின் சாக்கடை வாடை வந்தது. கதை மட்டும் வரவில்லை.

தெருவில் அவரைக் கதாசிரியர் என்றுதான் கூப்பிடுவார்கள். பாதிப் பேர் மரியாதையாக, பாதிப் பேர் கிண்டலாக. யார் எந்தப் பாதி என்று ஆராய்ந்து மனசு நோகவேண்டாம் என்று அவரும் எல்லாருக்கும் ஒரே மாதிரி தலையாட்டி வைப்பார். இத்தனைக்கும் அவர் எழுதிப் பேர் வாங்கியது ஒரே ஒரு கதை. புருஷன் விட்டுப் போன ஒருத்தி, அவன் இன்னும் வீட்டில்தான் இருக்கிறான் என்று அக்கம்பக்கம் நம்புவதற்காக, அவனுடைய சட்டைகளைத் தினமும் துவைத்து மாடிக் கொடியில் காயப்போடுகிறாள். கடைசியில் ஒருநாள் அத்தனை சட்டைகளையும் முற்றத்தில் குவித்துக் கொளுத்துகிறாள். ஒரு மாதப் பத்திரிகையில் வந்தது. படித்தவர்கள் எல்லாம் உச்சுக் கொட்டினார்கள். கூட்டம் போட்டுப் பாராட்டினார்கள். அன்றோடு சரி. அதற்கப்புறம் அவர் ஆரம்பித்ததெல்லாம் நாலு பக்கம் போய் நொண்டியடித்து நின்றது.

போன வாரம் அந்தப் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார்.

"சிறப்பிதழ் போடறோம் சார். அந்தச் சட்டைக் கதை மாதிரி ஒண்ணு குடுங்க."

"குடுத்துடறேன் சார்."

"போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க. அதுக்கு முந்தின தடவையும் இதையேதான் சொன்னீங்க. கோவிச்சுக்காதீங்க, இந்த வெள்ளிக்கிழமை இல்லேன்னா அந்தப் பக்கத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

தொந்தரவு பண்ண மாட்டேன் என்றதுதான் அவரைக் குத்தியது. வருஷத்துக்கு ஒருதரம் வரும் அந்தத் தொந்தரவை நம்பித்தான் அவர் கதாசிரியராக இருந்தார். அதுவும் நின்றுவிட்டால் வெறும் சலவைக்கடைதான்.

கடை வீட்டோடு சேர்ந்தது. முன்னால் துணி வாங்கி வைக்கும் மேடை. அதற்குப் பின்னால் இரண்டு துவைக்கும் மெஷின், ஒரு பிழியும் மெஷின். அதையும் தாண்டினால் இஸ்திரி மேஜை. மாடியில் கொடி கட்டிய திறந்தவெளி. பாய்லரிலிருந்து வெந்நீர் போகும் குழாய் ஒன்று பின்னறைச் சுவரை ஒட்டி ஓடியது. அதனால் அந்தச் சுவர் எந்நேரமும் கதகதப்பாக இருக்கும். ஒரு காலத்தில் மழை வந்தால் துணி காயப்போட்டது அந்த அறையில்தான். மடித்ததும் அங்கேதான். சட்டைக் கதை அச்சில் வந்த கையோடு கதாசிரியர் செய்த முதல் காரியம், அந்த அறையிலிருந்து கொடிகளை அவிழ்த்துவிட்டு மேஜை நாற்காலி போட்டுக்கொண்டதுதான். எழுத்தாளன் என்றால் தனி அறை வேண்டாமா? மடிக்கும் வேலை நடைவழிக்குப் போயிற்று. அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆக, வீட்டிலேயே காய்ந்து கிடந்த ஒரே அறையில், எழுதாத ஒரு மனுஷர் உட்கார்ந்திருந்தார். வெளியே துணி ஈரத்தோடு கிடந்தது.

அவர் சும்மா உட்கார்ந்திருந்தார் என்றும் சொல்லிவிட முடியாது. கதை தேடி நாயாக அலைந்தார். பஸ் நிலையத்து பெஞ்சில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து ஆட்களைப் பார்த்தார். போலீஸ்காரர் ஒருத்தர் இவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "யாருக்காகக் காத்திருக்கீங்க?" என்று கேட்டார். "ஒரு கதைக்காக" என்று சொல்ல முடியுமா? எழுந்து வந்துவிட்டார். கோட்டு துவைக்கப் போட வந்த ஒருத்தர், "என் வாழ்க்கையையே எழுதலாம் சார், கேட்டீங்கன்னா அழுதுடுவீங்க" என்றார். இவர் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டார். வேலைக்குப் போனது, பதவி உயர்வு கிடைத்தது, வீடு கட்டியது, மகனுக்கு வேலை கிடைத்தது. அழுகை வரத்தான் செய்தது, ஆனால் அவர் நினைத்த காரணத்துக்காக அல்ல.

மகள்கூட உதவிக்கு வந்தாள். கல்லூரி முடித்துவிட்டுக் கடையையும் டெலிவரி வண்டியையும் பார்த்துக்கொள்கிறவள்.

"அப்பா, துணி துவைக்கிற ரோபோ ஒண்ணு. அதுக்கு ஒரு கர்ச்சீப் மேல காதல் வந்துடுது. எப்படி?"

"போய் வேலையைப் பாரும்மா."

"அப்போ கொலைக் கதை எழுதுங்க. சட்டையில ரத்தக் கறை, லாண்டரிக்காரர் கண்டுபிடிக்கறாரு."

"ரத்தக் கறை வந்தா உங்கம்மா பச்சைத் தண்ணியில ஊற வெச்சு எடுத்துடுவா. கதை அங்கேயே முடிஞ்சுடும்."

"அதையாவது எழுதுங்களேன்!"

மனைவியிடம் அவர் கேட்கவே இல்லை. அவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும் என்கிற நினைப்பு. அவள் விடியும்போது பாய்லரைப் பற்றவைப்பாள். நிறம் பிரிப்பாள், கறை பார்ப்பாள், மெஷினில் போடுவாள், எடுப்பாள், கஞ்சி காய்ச்சுவாள். துணி கொண்டுவந்து போடுகிறவர்கள் மேடை மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவளிடம் ஏதேதோ பேசுவார்கள். சிலர் மூக்கைச் சிந்திக்கொண்டு பேசுவார்கள். அவள் "ம்" என்பாள், "அப்படியா" என்பாள், துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். உள்ளே வந்து வாயே திறக்கமாட்டாள். இடித்த புளி மாதிரி இருக்கிறாளே என்று அவர் மனசுக்குள் அலுத்துக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் மழை விட்ட பாடில்லை. விடுதியிலிருந்து வந்த விரிப்புகள் நடைவழியில், இஸ்திரி மேஜை மேல், நாற்காலி முதுகுகளில், மாடிப்படிக் கைப்பிடியில் என்று இடம் கண்ட இடமெல்லாம் தொங்கின. யாரும் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. குனிந்து போனாலும் ஈரத்துணி கழுத்தில் அறைந்தது. மின்விசிறியை எத்தனை வேகமாக விட்டாலும் ஈரம் இங்கிருந்து அங்கே போயிற்றே தவிர வீட்டை விட்டுப் போகவில்லை. இரண்டு விரிப்புகளில் முடை நாற்றம் ஏறிவிட்டது. அவற்றைத் திரும்பவும் துவைக்கப் போட்டார்கள்.

மத்தியானச் சாப்பாடு ரொட்டியும் அவித்த முட்டையும். நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். கதாசிரியருக்கு மட்டும் தட்டு அறைக்குள் போயிற்று. அப்போது விடுதி மேனேஜர் போன் செய்தார். அவள் பேசினாள்.

"தெரியுதுங்க... மழைதாங்க... இல்லைங்க, சாயங்காலம் வந்துடும்... நாளைக்கு ரூமெல்லாம் நிரம்புதுன்னு தெரியுங்க... அப்படிச் சொல்லாதீங்க, இத்தனை வருஷமா நாங்கதானே துவைச்சுத் தர்றோம்..."

போனை வைத்தவள் மகளைப் பார்த்தாள். மகள் பின்னறைக் கதவைப் பார்த்தாள்.

"அம்மா, நான் சொல்லிட்டேன். இன்னைக்கு விரிப்பு போகலேன்னா அவங்க வேற கடைக்குப் போயிடுவாங்க. நீ கேக்கறியா, நான் கேக்கட்டுமா?"

"எழுதறாருடி."

"எங்கம்மா எழுதறாரு? பேனா மூடியைக் கடிச்சுக் கடிச்சு அது சப்பையாப் போச்சு. நான் பாத்தேன்."

கதவு படாரென்று திறந்தது. உள்ளே இருந்தவருக்கு எல்லாம் கேட்டுத்தான் இருந்தது.

"ஒரு மனுஷன் நிம்மதியா யோசிக்க முடியுதா இந்த வீட்டுல? இன்னைக்குத்தான் கடைசி நாள்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் இப்படிக் கத்தினா எங்கேருந்து கதை வரும்?"

"கத்தாதப்போ மட்டும் வந்துதாக்கும்" என்றாள் மகள்.

"என்னடி சொன்னே?"

"அப்பா, உங்க ரூமுல சுவர் சூடா இருக்கு. அங்கே துணி காயும். எங்களுக்கு ரூம் வேணும். அவ்வளவுதான்."

"இது மடிக்கிற ரூம் இல்ல! எழுதற ரூம்!"

"முதல்ல மடிக்கிற ரூமாத்தான் இருந்துச்சு. எனக்கு ஞாபகம் இருக்கு."

சொல்லிவிட்டு அவள் காத்திருக்கவில்லை. கயிற்றை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். ஜன்னல் கம்பியில் ஒரு முனை, புத்தக அலமாரியின் மேல்சட்டத்தில் மறு முனை. இன்னொன்று, இன்னொன்று. மேஜை சுவர் ஓரமாக நகர்ந்தது. கதாசிரியர் "ஏய், ஏய்" என்றபடியே காகிதங்களை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். எல்லாம் வெள்ளைக் காகிதம், ஏன் அப்படி அணைத்துக்கொண்டார் என்று அவருக்கே தெரியாது. கொஞ்ச நேரத்துக்குள் அறை முழுக்க விரிப்பு தொங்கியது. சுவரிலிருந்து சூடு கிளம்பி, சோப்பு வாசனையோடு ஆவி எழுந்தது.

சுவருக்கும் விரிப்புக்கும் நடுவில் அவர் நின்றார். ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அதைக் கொட்ட ஒரு வார்த்தைகூட அகப்படவில்லை. வார்த்தைப் பஞ்சம் அந்த அளவுக்குப் போயிருந்தது.

முதல் வரிசை பதமாகக் காய்ந்தது. லேசான ஈரம் இருக்கும்போதே இழுத்து மடித்தால்தான் இஸ்திரிக்குப் பணியும். பெரிய விரிப்பை ஒரு ஆள் மடிக்கவும் முடியாது. மகள் முன்னால் வந்த வாடிக்கையாளருக்குத் துணி எடுத்துக் கொடுக்கப் போயிருந்தாள். மனைவி ஒரு விரிப்பை உருவி, இரண்டு மூலையைத் தன் கையில் வைத்துக்கொண்டு மறு ஓரத்தை அவர் பக்கம் நீட்டினாள்.

"பிடிங்க."

"என்னால முடியாது."

"முறைச்சுக்கிட்டே பிடிங்க. பரவாயில்ல."

பிடித்தார். இருவரும் பின்னால் சாய்ந்து இழுத்தார்கள். உதறினார்கள். நீளவாக்கில் மடித்து, ஒருத்தரை நோக்கி ஒருத்தர் நடந்து, அவர் தன் மூலைகளை அவள் கையில் கொடுத்தார், குனிந்து கீழ் மடிப்பை எடுத்தார். கை எதையும் மறக்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது. சட்டைக் கதையும் இப்படித்தான் வந்தது என்று அவருக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. இதே அறை. இதே மாதிரி மழை. அவள் எதிரே நின்று பேசிக்கொண்டே இருந்தாள், தன் தங்கச்சியைப் பற்றி. மாடிக் கொடியில் காயும் சட்டைகளைப் பற்றி.

"அப்போல்லாம் நீ நிறையப் பேசுவே" என்றார்.

"பேசினேன்."

"இப்போ பேசறதே இல்ல."

"ஆமா."

"ஏன்?"

அவள் விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"தங்கச்சி இந்த வீட்டுப் படியேறி எத்தனை வருஷமாச்சுன்னு என்னைக்காவது கேட்டீங்களா?"

"வேலை கிடைச்சு வேற ஊருக்குப் போயிட்டான்னு நீதானே சொன்னே?"

"வேற என்னத்தைச் சொல்ல? அவ வந்து அழுதுட்டுப் போன அன்னைக்குத்தான் உங்களுக்குப் பாராட்டுக் கூட்டம். புதுச் சட்டை போட்டுக்கிட்டு நின்னீங்க."

"நான் அவ பேரைப் போடலையே!"

"பேரு எதுக்குங்க? மாடிக் கொடி, நீலக் கட்டம் போட்ட சட்டை, அது கழுத்துப் பட்டையில கிழிசல். எல்லாத்தையும் போட்டீங்க. அவ தெருவே படிச்சுச்சு. அடுத்த நாள் அவ சட்டையைக் காயப்போட மாடிக்குப் போனா, எதிர் வீட்டுல ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டுப் பாத்தாங்களாம். அவ மறைச்சு வெச்சிருந்ததை நான் உங்ககிட்ட சொன்னேன். நீங்க ஊருக்கே சொன்னீங்க. அப்புறம் அவ அந்தத் தெருவுல எப்படி இருப்பா?"

கதாசிரியர் கையில் விரிப்பு தொய்ந்தது.

"இழுத்துப் பிடிங்க, தரையில படுது."

இழுத்துப் பிடித்தார். அவருக்கு ஒன்றொன்றாக விளங்கியது. விளங்க விளங்க, வருத்தத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. மனுஷர் அப்படி.

"அப்போ, வேணும்னேதான் வாயை மூடிக்கிட்டு இருந்தியா? நான் இங்கே மண்டையை உடைச்சுக்கிட்டது தெரிஞ்சும்?"

"வேணும்னேதான்."

"இத்தனை வருஷம்!"

"தினம் எவ்வளவோ கேக்கறேன். அந்த மேடையில வந்து நின்னு எல்லாரும் எங்கிட்டதான் கொட்டறாங்க. நம்பித்தானே சொல்றாங்க? உங்ககிட்ட ஒரு வார்த்தை விட்டா அது அச்சுல வந்து நிக்கும். அதான் விடலை."

"நான் பஸ் நிலையத்துல போய் உக்காந்தேன்டி. போலீஸ்காரன் சந்தேகப்பட்டான்."

"தெரியும். சிரிப்பா வந்துச்சு. பாவமாவும் இருந்துச்சு."

இருவரும் இழுத்தார்கள், உதறினார்கள், நடந்து வந்தார்கள், மடித்தார்கள். அடுக்கு உயர்ந்தது. மழை ஜன்னல் தகரத்தில் கொட்டு அடித்துக்கொண்டிருந்தது. அடுத்த வரிசையிலிருந்து ஒன்றை உருவும்போது அவளாகவே பேச்செடுத்தாள்.

"அந்தக் கதையில முடிவு தப்பு."

எழுத்தாளருக்கு உறைத்தது. "என்ன தப்பு? எல்லாரும் அந்த முடிவைத்தானே தூக்கி வெச்சுப் பேசினாங்க?"

"அவ எரிக்கவே இல்ல. புது ஊருக்கும் எடுத்துட்டுப் போனா. தனியா இருக்கிற பொம்பளை வீட்டுக் கொடியில ஒரு ஆம்பளைச் சட்டை கிடந்தா நல்லதுன்னு அங்கேயும் துவைச்சுத் துவைச்சுப் போட்டா. போன வாரம் போன்ல சொன்னா. எங்கிட்டயே இப்போதான் சொல்றா." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "அவன் வந்தானாம்."

"யாரு?"

"அவன்தான். கட்டினவன். முடியெல்லாம் கொட்டிப் போய் வந்து நின்னானாம். இவளும் உள்ளே விட்டு டீ போட்டுக் குடுத்திருக்கா. திடீர்னு மழை. துணி எடுக்க ஓடியிருக்கா. அவனும் கூட ஓடி, கையில கிடைச்சதை வாரிட்டு வந்திருக்கான். எல்லாம் அவன் சட்டைதான். துவைச்சுத் துவைச்சு நீலமெல்லாம் போய் வெளுத்திருக்கு. அவனுக்கே அடையாளம் தெரியல. முகத்தைச் சுளிச்சுக்கிட்டு, 'யாரோட சட்டை இதெல்லாம்?'னு கேட்டிருக்கான்."

கதாசிரியர் மடிப்பதை நிறுத்திவிட்டார்.

"இவ நிதானமா ஒவ்வொண்ணா வாங்கி மடிச்சு வெச்சுட்டு, 'என் வீட்டுக்காரரோடது'ன்னு சொன்னாளாம். அவன் டீயை அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டான்."

அறையில் விரிப்புகள் ஆவி விட்டுக்கொண்டு தொங்கின. அவருக்கு முதல் வரி வந்துவிட்டது. நடுவில் என்ன வரவேண்டும், எங்கே நிறுத்தவேண்டும் என்பதெல்லாம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் தவம் கிடந்தும் வராதது, இரண்டு கையிலும் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது வந்து தொலைத்தது. அவர் வாயைத் திறந்தார்.

அவள் முந்திக்கொண்டாள். "யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு. எனக்கு வேற யாரு இருக்கா? கதாசிரியர்கிட்ட சொல்லல. என் வீட்டுக்காரர்கிட்ட சொல்றேன்."

அவர் வாயை மூடிக்கொண்டார்.

மகள் விரிப்புகளை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கையில் போன். "அப்பா, பத்திரிகை ஆபீஸ்." அவர் கை காலியாக இல்லாததைப் பார்த்து, அவளே அவர் காதில் வைத்துப் பிடித்தாள்.

"என்ன சார், கிடைச்சுதா?" என்றார் ஆசிரியர். அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது.

கதாசிரியர் எதிரே பார்த்தார். அவள் இவரைப் பார்க்கவில்லை. தன் கையிலிருந்த இரண்டு மூலைகளையும் சரியாகச் சேர்ப்பது போலக் குனிந்திருந்தாள். அவை ஏற்கெனவே சேர்ந்துதான் இருந்தன.

"கிடைக்கல சார்."

"ஒரு சின்னப் பொறிகூட இல்லியா? ராத்திரி வரைக்கும் டைம் தரேன் சார். எனக்கும் அந்தப் பக்கத்தை உங்களுக்குக் குடுக்கணும்னுதான் ஆசை."

மகள் கண்ணை அகல விரித்து, தலையை ஆட்டி, ஏதாவது சொல்லுங்களேன் என்று ஜாடை காட்டினாள். கதாசிரியருக்குத் தெருவில் போகிறவனைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. இந்த மழையைக் கெட்ட வார்த்தையில் திட்டவேண்டும் போல இருந்தது.

"இல்ல சார். ஒண்ணுமே வரல. வேற ஆளைப் பாத்துக்குங்க."

"சரி சார். வெச்சுடறேன்."

மகள் போனை எடுத்துக்கொண்டாள். "இதுக்குத்தான் இத்தனை வருஷம் ரூமை அடைச்சு வெச்சிருந்தீங்களா?" என்று முணுமுணுத்துவிட்டு, மடித்து முடித்த அடுக்கைத் தூக்கிக்கொண்டு இஸ்திரி மேஜைக்குப் போனாள்.

மனைவி கொடியிலிருந்து அடுத்த விரிப்பை உருவி மறு ஓரத்தை நீட்டினாள். அவர் பிடித்தார். 'யாரோட சட்டை இதெல்லாம்?' என்கிற வரி அவர் நெஞ்சுக்குள் முட்டி மோதிக்கொண்டிருந்தது. இனி எந்தக் காலத்திலும் அவருக்கு இப்படி ஒரு வரி கிடைக்கப் போவதில்லை. பின்னால் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, பலம் கொண்டமட்டும் இழுத்து உதறினார்.

"மெல்லங்க, கிழிஞ்சிடப் போகுது" என்றாள் அவள், மூலைகளை விடாமல்.